தவணை நெருங்குங்கால் தரகரைத் தெரிதல்

(இராயபுரத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் பள்ளியாசிரியன் ஒருவன் பங்குச் சந்தையைப்பற்றிப் பேச எழுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். 'இலக்கணம் சொல்லவேண்டியவர்க்கு இலாப நட்டக் கணக்கு எதற்கு?' என வினவுவாரும் உளர். ஆயினும், சென்ற கூட்டத்தில் எழுந்த வழக்கினை நீவிர் அறிவீர். நம் இளைஞர் சிலர், பங்குகளின்மேல் நடக்கும் ஆப்ஷன் வணிகத்தை, அதிலும் தவணை முடியும் நாள் நெருங்கிய காலத்துச் செய்தற்கு, எத்தரகர் நல்லவர் எனச் செயலாளரை வினவினர். முதியோர் சிலர், 'அது சூது; அதனைச் சங்கத்தில் பேசுதலே தகாது' என்றனர். இவற்றிற்கிடையே, நம்மவர் ஒருவர் ஒரு தரகு நிறுவனத்தின் முகவராய் நின்று, நம் மண்டபத்திலேயே கணக்குத் தொடங்கும் முகாம் ஒன்று நடத்த இசைவு வேண்டி விடுத்த விண்ணப்பமும் நிருவாகக் குழுவின்முன் வந்துள்ளது. ஆதலின் இப்பொருளைப் பேசாதிருத்தல் இனி இயலாது. தெரிந்த அளவு எடுத்துரைக்குமாறு தலைவரவர்கள் பணித்தமையின், யான் கற்றறிந்தவற்றைச் சொல்லத் துணிந்தேன்.

பங்கு வணிகம் இவ்வூர்க்குப் புதியதன்று. பம்பாயில் 1875-ஆம் ஆண்டிலேயே தரகர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். நம் சென்னையில் 1920-இல் ஒரு பங்குச் சந்தை தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்தது. பின்னர் 1937-இல் மீண்டும் நிறுவப்பெற்ற சென்னைப் பங்குச் சந்தை, இங்கிருந்து நடந்துசெல்லும் தொலைவிலுள்ள இரண்டாவது கடற்கரைச் சாலையில் நெடுங்காலம் விளங்கி, 2015-இல் செபியின் ஆணைப்படி விடைபெற்றது. அக்காலத்தில் பங்கு வாங்குவோன் தரகர் வீட்டுப் படியேறி, அவர் முகம் பார்த்து, நாலுபேரை விசாரித்துப் பணம் கொடுத்தான். இன்றோ தரகர் முகம் தெரியாது. கைப்பேசியில் ஒரு செயலியே தரகராய் நிற்கின்றது. அனல்மின் நிலையத்து ஒப்பந்தத் தொழிலாளியும், துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதும் இளைஞனும், உணவு இடைவேளையில் ஒரு விரலால் பல இலட்சம் மதிப்புள்ள உடன்படிக்கையில் ஈடுபட்டுவிடுகின்றனர். வாயில் எளிதாயிற்று, ஆனால் உள்ளேயிருக்கும் ஆழம் குறையவில்லை. 'ஆழமறியாமற் காலை விடாதே' என்று நம் பெண்டிர் வழங்கும் பழமொழி இதற்கும் பொருந்தும்.

முதலில், ஆப்ஷன் என்பது யாது? ஒரு பொருளைக் குறித்த விலைக்கு, குறித்த நாளில், கொள்ளுதற்கோ விற்றற்கோ உரிய உரிமை அது. கொள்ளும் உரிமையைக் 'கால்' என்றும், விற்கும் உரிமையைப் 'புட்' என்றும் சந்தையார் வழங்குவர். அவ்வுரிமைக்காக முன்கூட்டிக் கொடுக்கும் தொகை பிரீமியம். கிரேக்க நாட்டு அறிஞர் தேலீசு என்பவர், ஒலிவ விளைச்சல் மிகும் என்று முன்னுணர்ந்து, மாரிக்காலத்திலேயே சிறு முன்பணம் கொடுத்துச் செக்குகளையெல்லாம் தம் வயப்படுத்தி, அறுவடைக் காலத்தில் மிக்க ஊதியம் பெற்றார் என்று அரித்தாத்தில் தம் அரசியல் நூலிற் கூறுகின்றார். ஆகவே இதன் வேர் பழமையானது. நம் நாட்டில் 'தேஜி மந்தி' என்னும் பெயரால் வழங்கிய இவ்வணிகத்தை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அத்தடை 1995-இல் நீக்கப்பட்டது. 2001 ஜூலையில் தனிப்பங்குகளின் ஆப்ஷன் வணிகம் தேசியப் பங்குச் சந்தையில் முறைப்படி தொடங்கிற்று.

இவ்வுரிமைக்கு ஓர் ஆயுள் உண்டு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் நடக்கும் ஏலத்தைக் கண்டிருப்பீர். விடியற்காலையில் ஒரு கூடை மீனுக்கு உள்ள விலை உச்சிப்பொழுதில் இராது. பனிக்கட்டி உருக உருக விலையும் உருகும். ஆப்ஷனும் அத்தகையதே. தவணை முடியும் நாள் நெருங்க நெருங்க அதன் காலமதிப்பு விரைந்து தேயும். அந்நாளில் அதன் விலை சில காசுகளாகவும் காணப்படும். 'இரண்டாயிரம் ரூபாயில் ஐந்து இலட்சம் ரூபாய்ப் பங்கை ஆளலாம்' என்னும் ஆசை அங்கேதான் பிறக்கின்றது. மலிவு என்று மீன் வாங்குவோன் செவுளைத் தூக்கிப் பார்ப்பான். மலிவு என்று ஆப்ஷன் வாங்குவோன் எதனைத் தூக்கிப் பார்க்கின்றான்?

இனி, தவணைநாளில் யாது நிகழும் என்பதே இவ்வுரையின் நடுப்பொருள். நிப்டி முதலான குறியீடுகளின் ஆப்ஷன் பணவேறுபாட்டால் தீர்க்கப்படும். தனிப்பங்கின் ஆப்ஷனோ அவ்வாறன்று. செபி 2018-இல் வெளியிட்ட ஆணைப்படி சிறிது சிறிதாக மாற்றப்பெற்று, 2019 அக்டோபர்த் தவணை முதல் எல்லாத் தனிப்பங்கு ஆப்ஷன்களும் பங்கை நேரே கொடுத்து வாங்குதலாலேயே தீர்க்கப்படுகின்றன. முடிவுநாள் நெடுங்காலம் மாதத்தின் இறுதி வியாழனாயிருந்து, 2025 செப்டம்பர் முதல் தேசியப் பங்குச் சந்தையில் இறுதிச் செவ்வாயாயிற்று. பம்பாய்ப் பங்குச் சந்தையில் இறுதி வியாழனாயிற்று.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். எண்கள் விளக்கத்திற்காக யான் அமைத்துக்கொண்டவை. ஒரு பங்கின் விலை 490 ரூபாய். அதனை 500 ரூபாய்க்குக் கொள்ளும் உரிமையை, பங்கொன்றுக்கு 2 ரூபாய் வீதம், 1000 பங்குகள் கொண்ட ஒரு லாட்டுக்கு 2,000 ரூபாய் கொடுத்து ஒருவன் வாங்குகின்றான். முடிவுநாளில் விலை 503 ஆயிற்று. அவன் வென்றான் என்று எண்ணுகின்றீர்கள். வென்றது 3,000, கொடுத்தது போக மிச்சம் 1,000. ஆனால் உரிமையை விற்காமல் அப்படியே விட்டுவிட்டானாயின், 1000 பங்குகளையும் 500 வீதம் வாங்கியே தீரவேண்டும். அதற்கு வேண்டுவது ஐந்து இலட்சம் ரூபாய். மறுநாள் விலை 495-க்கு இறங்குமாயின், வெற்றி என்று கருதியது பிரீமியத்தோடு சேர்த்து 7,000 ரூபாய் நட்டமாய் முடியும். இரண்டாயிரமே தன் இழப்பின் எல்லை என்று எண்ணிப் புகுந்தவன், ஐந்து இலட்சத்திற்குக் கடன்பட்டவனாய் நிற்பான்.

விற்கும் உரிமையின் நிலை இன்னும் கடியது. 480 ரூபாய்க்கு விற்கும் உரிமையை 1,000 ரூபாய் கொடுத்து வாங்கியவன், முடிவில் விலை 478 ஆனால், 1000 பங்குகளைக் கொண்டுவந்து கொடுத்தல் வேண்டும். கையில் பங்கு இல்லையாயின், அவன் பொருட்டுச் சந்தை ஏலத்தில் வாங்கிக் கொடுக்கும். ஏலவிலை 495 ஆனால் 15,000 ரூபாய் போம். இது கற்பனை அச்சமன்று. 2021 டிசம்பர் 30 அன்று முடிந்த தவணையில், இண்டால்கோ பங்கின் விற்கும் உரிமையைச் சில காசுகளுக்கு வாங்கி, அது மதிப்பற்று மடியும் என்று விட்டிருந்தோர் சிலர்க்கு, இறுதி விலை குறித்த விலைக்குச் சற்றே கீழாக அமைந்தமையால், கொடுத்த பிரீமியத்தினும் பன்மடங்கு இழப்பு நேர்ந்தது. 'எனக்கு இவ்வுரிமை வேண்டா' என்று விலக்கிக்கொள்ளும் வசதி ஒன்று முன்பு இருந்தது. அது 2021 அக்டோபரில் நீக்கப்பட்டு, இந்நிகழ்ச்சிக்குப்பின் 2022-இல் மீண்டும் வந்து, 2023 மார்ச்சில் மறுபடியும் நீக்கப்பட்டது. உரிமை என்னும் பெயருடையதாயினும் முடிவுநாளில் அது கடமையாய் மாறிவிடும் என்பதனை நெஞ்சிற் பதித்துக்கொள்ளுங்கள்.

இவ்விடத்தேதான் தரகர் வருகின்றார். வாடிக்கையாளன் பணமோ பங்கோ கொடுக்கத் தவறின், தீர்வு நிறுவனத்திற்கு விடைசொல்ல வேண்டியவர் தரகரே. ஆதலின் அவர் தம்மைக் காத்துக்கொள்ளச் சில விதிகளை வகுத்துக்கொள்கின்றார். வாங்கிய உரிமை பலன் தரும் நிலையில் இருக்குமாயின், முடிவுநாளுக்கு நான்கு வணிக நாள்களுக்கு முன்னரே தொடங்கி, ஒப்படைப்பு மார்ஜின் என்னும் ஈட்டுப்பணம் படிப்படியாகக் கேட்கப்படும். கொடாதவனுடைய நிலையைத் தரகரே விற்று முடிப்பார். எப்போது முடிப்பார், எவ்வளவு ஈடு கேட்பார், இறுதி நாள்களில் புதிதாக வாங்க விடுவாரா மாட்டாரா, என்பன தரகர்க்குத் தரகர் வேறுபடும். இவ்வேறுபாட்டை அறியாது, 'ஆணை ஒன்றுக்கு எவ்வளவு கட்டணம்' என்று மட்டும் கேட்டுத் தரகரைத் தெரிதல், படகின் வண்ணத்தைப் பார்த்துக் கடலிற் போவதை ஒக்கும். கடலோடிகளாகிய நம் அண்டை வீட்டார் முதலிற் பார்ப்பது அடிப்பலகையை அன்றோ?

திருவள்ளுவனார் பொருட்பாலில், தெரிந்து செயல்வகையை முதலிற் கூறி, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவற்றை அடுத்து வைத்து, அதன்பின்னரே தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தை அமைத்தார். ஒருவரைத் தேர்ந்து நம்புதற்குமுன், செயலின் தன்மையும் தன் வலியும் காலமும் இடமும் அறியப்படல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையிலிருந்து யான் கொள்ளும் கருத்து. அம்முறையையே பின்பற்றி, ஒரு தரகரிடம் கேட்கத்தக்க வினாக்களை நிரல்பட வைக்கின்றேன்.

முதல் வினா, 'நீவிர் யார்?' என்பது. தரகர் செபியிற் பதிவுபெற்றவராதல் வேண்டும். அவர் பதிவெண் ஐ.என்.இசட். என்னும் எழுத்துக்களிற் தொடங்கும்; அதனைச் செபியின் இணையத்தளத்திலுள்ள பட்டியலோடு ஒத்துப் பார்க்கலாம். தரகருக்காக ஊரில் ஆள்சேர்ப்பவர் 'அங்கீகரிக்கப்பட்ட நபர்' எனப்படுவார். அவரும் பங்குச் சந்தையிற் பதிவுபெற்றிருத்தல் வேண்டும். அவர் தம் சொந்தக் கணக்கிற் பணம் பெறுதல் ஒருபோதும் ஆகாது. பணம் செல்லும் வழி உண்மையானதா என அறிதற்கு 2025 அக்டோபரில் செபி ஒரு வழியும் அமைத்துள்ளது, பதிவுபெற்றோரின் யு.பி.ஐ. முகவரியில் 'வேலிட்' என்னும் சொல் காணப்படும்.

இரண்டாவது, 'தவணை நெருங்கும்போது உம் விதி யாது?' என்பது. எந்நாளில், எந்நேரத்தில் என் நிலையை நீரே முடிப்பீர்? முடிக்குமுன் அறிவிப்பீரா? அறிவிப்பு எவ்வழியில் வரும்? ஒப்படைப்புக்கு எவ்வளவு பணம் முன்வைக்க வேண்டும்? கையிலுள்ள பங்குகளை ஈடாக ஏற்பீரா? இவற்றிற்கு வாய்மொழி போதாது. எழுத்தில் இருத்தல் வேண்டும். கணக்குத் தொடங்கும்போது ஒப்பமிடும் தாள்களில் இவ்விதி எங்கோ ஓரிடத்தில் அடங்கியிருக்கும். திருவொற்றியூர்த் தலவரலாற்றை இங்கு நினைவூட்டுவேன். சுந்தரமூர்த்தி நாயனார், சங்கிலியாரைப் பிரியேன் என்னும் சூளுறவைக் கோயிலின் திருமுன்பே செய்துவிடலாம் என எண்ணி, அவ்வேளை இறைவனை மகிழின்கீழ் எழுந்தருளுமாறு வேண்டிக்கொண்டார்; சங்கிலியாரோ, சூளுறவு மகிழின்கீழேயே செய்யப்படல் வேண்டும் என்றார்; அச்சூளுறவு பிழைத்தமையால் கண்ணொளி இழந்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. உறுதிமொழி எவ்விடத்து, எச்சொற்களில் அமைகின்றதோ அதனாலேயே விளைவு வரும். நாம் மனத்தில் நினைத்தபடி வாராது.

மூன்றாவது, 'சந்தை கலங்கும்போது உம்மை எங்ஙனம் அடைவது?' என்பது. 2021 பிப்ரவரி 24 அன்று, முற்பகல் 11.40 மணிக்குத் தேசியப் பங்குச் சந்தை இயந்திரக் கோளாற்றால் நின்றது, பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கி, மாலை 5 மணி வரை நடந்தது. அதற்கு மறுநாள் மாதத் தவணை முடிவு! சந்தை மீளுமா என அறியாத இடைவேளையில், தரகு நிறுவனங்கள் பல, வாடிக்கையாளரின் அன்றாட நிலைகளைத் தாமே முடித்துவிட்டன. பின்னர்ச் சந்தை திறந்தது கண்டு வருந்தியோர் பலர். இது சந்தையின் கோளாறு. தரகரின் செயலி நிற்பதும் உண்டு. ஆதலின், செயலி நின்றால் தொலைபேசியில் ஆணை கொடுக்க ஆள் இருக்கின்றாரா, அவர் பேசும் மொழி நமக்கு விளங்குமா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, வேறொரு சந்தையில் ஈடுசெய்ய வழியுண்டா என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். தவணைநாள் பிற்பகலில் கேட்பது, வீடு பற்றியபின் கிணறு தோண்டுவதாகும்.

நான்காவது, 'முழுச் செலவு எவ்வளவு?' என்பது. ஆணைக்கு இவ்வளவு என்னும் தரகு மட்டும் செலவன்று. பங்குப் பரிவர்த்தனை வரி, சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி., முத்திரை வரி ஆகியன உண்டு. வரி விகிதம் காலத்துக்குக் காலம் மாறும். ஆப்ஷன் விற்பனைமேல் உள்ள வரி 2024 அக்டோபரில் உயர்த்தப்பட்டது. பங்காக ஒப்படைக்கும்போது, பிரீமியத்தின்மேலன்றி முழு மதிப்பின்மேல் வரி கணக்கிடப்படும். தரகரும் ஒப்படைப்புக்குத் தனித் தரகு பெறுவர். தாமே நிலையை முடித்தால் அதற்கும் ஒரு கட்டணம் பெறுவாருண்டு. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் மிச்சமாகிய ஆயிரம் ரூபாய் இவற்றிற்கே போதாதாகலாம். எனவே, ஓர் ஒப்படைப்பின் மாதிரிக் கணக்கை எழுதித் தருமாறு தரகரைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் கணக்கு வேண்டா.

ஐந்தாவது, 'என் பொருள் எங்கே இருக்கும்?' என்பது. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஐதராபாத்தைச் சேர்ந்த கார்வி என்னும் பெருந்தரகு நிறுவனம் நாடெங்கும் கிளை பரப்பி, பெயர் பெற்று விளங்கியது. வாடிக்கையாளர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தி அவர்தம் பங்குகளை ஈடுவைத்துக் கடன் பெற்றதென்று, 2019 நவம்பர் 22 அன்று செபி அதன்மேல் ஆணை பிறப்பித்தது. 2020 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை அதனை வெளியேற்றியது. 2023-இல் அதன் பதிவும் நீக்கப்பட்டது. மும்பையில் அனுக்கிரகா என்னும் தரகு நிறுவனத்தின் வழியாக, ஆப்ஷன் வணிகத்தால் உறுதியான வருவாய் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பங்குகள் பெறப்பட்டன; 2020 ஆகஸ்டில் அந்நிறுவனத்தின் வணிகம் நிறுத்தப்பட்டபோது அவர்கள் திகைத்து நின்றனர். 'உறுதியான வருவாய்' என்னும் சொல்லைக் கேட்டவுடனே எழுந்து வந்துவிடுங்கள். பங்குத் தரகர் எவரும் அங்ஙனம் வாக்களித்தல் விதிக்கு மாறானது.

இவற்றிற்குப்பின் விதிகள் இறுக்கப்பட்டுள்ளன. பொது அதிகாரப் பத்திரத்திற்கு மாற்றாக, குறித்த செயல்களுக்கு மட்டும் பயன்படும் ஓர் எழுத்து 2022 முதல் வழக்கில் வந்துள்ளது. தரகரிடம் சும்மா கிடக்கும் பணத்தை, நாம் தெரிந்துகொண்டபடி 30 நாளுக்கொருமுறையோ 90 நாளுக்கொருமுறையோ அவர் நம் வங்கிக்குத் திருப்பிவிடல் வேண்டும். வணிகம் நடந்த 24 மணி நேரத்துள் ஒப்பந்தச் சீட்டு வரவேண்டும். பங்குச் சந்தையும் டிமேட் களஞ்சியமும் நேரே நமக்குச் செய்தி அனுப்புகின்றன. ஆனால் கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் முகவருடையவாய்ப் பதியப்பட்டிருந்தால் இச்செய்திகள் யார்க்குப் பயன்? 'உடையவன் பாராப் பயிர் உருப்படாது' என்பதனை எண்ணிப் பாருங்கள். குறையிருப்பின் முதலில் தரகரிடமும், பின்னர்ச் செபியின் 'ஸ்கோர்ஸ்' வாயிலிலும், 2023-இல் ஏற்பட்ட இணையவழி வழக்குத் தீர்வு முறையிலும் முறையிடலாம். எனினும், வணிகத்தில் நாமே தோற்ற பணத்தை எவ்வாயிலும் மீட்டுத் தாரா.

நிற்க. இவ்வைந்து வினாவிற்கும் நல்விடை தந்த தரகரைத் தெரிந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெற்றி உறுதியா? இல்லை. நல்ல தரகர் கணக்கில் மோசம் செய்யமாட்டார், அவ்வளவே. சந்தையின் தன்மையை அவர் மாற்றமுடியாது. செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 2021-22 முதல் 2023-24 வரை மூன்றாண்டுகளில், இத்தகைய வணிகத்தில் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனியாட்களுள் 100-க்கு 93 பேர் இழந்தனர். இழப்பின் மொத்தம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவு உள்பட ஒருவர்க்குச் சராசரி ஏறத்தாழ இரண்டு இலட்சம். 2024-25-ஆம் ஆண்டிலும் 100-க்கு 91 பேர் இழந்தனர் என 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. எதிரில் நிற்போர் பேரறிவும் பெருமுதலும் விரைவியந்திரங்களும் உடையோர். ஜேன் ஸ்திரீட் என்னும் அமெரிக்க நிறுவனம் தவணைநாள்களிற் குறியீட்டு விலைகளைத் தன் நலத்திற்கேற்ப அசைத்தது என்று குற்றஞ்சாட்டி, 2025 ஜூலை 3 அன்று செபி ஓர் இடைக்கால ஆணையால் 4,843 கோடி ரூபாய்க்கு மேல் தடுத்துவைத்தது. அந்நிறுவனம் அதனை மறுத்து மேல்முறையீடு செய்தது. வழக்கின் முடிவு எவ்வாறாயினும், தவணைநாட் களத்தில் எத்தகையோர் உலவுகின்றனர் என்பதற்கு அத்தொகையே சான்று.

ஆகவே முதியோர் கூற்றிலும் உண்மை உண்டு. இளைஞர் கூற்றிலும் உண்மை உண்டு. சட்டம் இசைந்த ஒன்றனைப் பேசவே கூடாது என்று வாயடைத்தால், இளைஞர் அதனை இருட்டிற் கற்பர். ஒரு கைப்பேசிக் குழுவில் முகமறியாத ஒருவன் சொல்லும் விலைக்குறிப்பு அவர்க்கு வேதமாய்விடும். பேசுவோம்; ஆனால் உண்மையைப் பேசுவோம். ஆப்ஷன் என்பது காப்புக்கும் பயன்படும்: ஒருவன் கையில் ஒரு நிறுவனத்தின் பங்குகள் உள்ளன, விலை வீழுமோ என்று அஞ்சுகின்றான், அளவொத்த விற்கும் உரிமையை வாங்கிவைக்கின்றான். அவனுக்கு ஒப்படைப்பும் அச்சமன்று. பங்கு கையில் உள்ளது. பங்கும் இன்றிப் பணமும் இன்றி, தவணைநாளில் உரிமையை மட்டும் வாங்குவோன் காப்புத் தேடுவோன் அல்லன். அவன் செயலுக்கு வள்ளுவனார் வேறோர் அதிகாரத்திற் பெயரிட்டுள்ளார். அதன் பெயர் சூது. வருங்கால வைப்புநிதியும், மனைவியின் தாலிக்கொடியும், தங்கையின் கலியாணச் சீட்டும் அக்களத்திற் புகுதல் கூடாது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பர். இங்கே முழுதும் போயினும் வீட்டு அடுப்பு எரியும் என்னும் அளவே அளவு.

இறுதியாக, மண்டபத்து முகாமைப்பற்றிய என் கருத்தை மறைக்காது சொல்வேன். விண்ணப்பித்த அன்பர் நல்லவர். அவர்பால் யாதொரு குறையும் யான் கூறவில்லை. ஆனால், 'நம்மவர்' என்னும் ஒரு காரணத்தால் தரகரைத் தெரிதல் தகாது. இதே கடற்கரைச் சாலையில் ஆர்பத்நட் கம்பெனி என்னும் வங்கி ஒன்று இருந்தது. அதன் பெயரே பிணை என்று நம்பிப் பெரியோரும் சிறியோரும் பணம் போட்டிருந்தனர். இலண்டனிலிருந்த பங்காளி ஊகவணிகத்தில் ஈடுபட்டுப் பொருளிழந்தார். 1906 அக்டோபர் 22 அன்று அவ்வங்கி கதவடைத்தது. சென்னையில் அதன் தலைவர்க்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது; ஆனால் இழந்தோரின் இழப்பு அதனால் நிறைந்ததா? அக்கேட்டினின்று பாடங்கற்ற நம் நாட்டுப் பெரியோர், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர், 1907-இல் இந்தியன் வங்கியை நிறுவினர் என்பது அத்துன்பத்தில் விளைந்த நன்மை. குலப்பெருமையோ குடும்பப் பெயரோ தொகைக்குப் பிணையாகா என்பதே அவ்வரலாறு புகட்டும் பாடம்.

நம் சங்கம் எதற்காகத் தோன்றியது? துறையில் மூட்டை சுமந்தும், பண்டகசாலையிற் கணக்கெழுதியும் வாழ்ந்த நம் முன்னோர், பிள்ளைகள் படிக்கவும், இடர் நேர்ந்தால் ஒருவர்க்கொருவர் கைகொடுக்கவும் காசு காசாகச் சேர்த்து இதனைக் கட்டினர். இம்மண்டபத்தில் ஒரு முகாம் நடந்தால், வருவோர் தரகரின் விதிகளைப் படிக்கமாட்டார்; சுவரிலுள்ள நம் முன்னோர் படங்களைப் பார்த்தே ஒப்பமிடுவர். அந்நம்பிக்கையை எவர்க்கும் தரகுக்கு விடுதல் நமக்கு உரிமையன்று. முகவர் பெறும் கூலி, சேர்ந்தவர் வெல்வதால் வருவதன்று. அவர் அடிக்கடி வாங்கி விற்பதால் வருவது என்பதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆதலின், நிருவாகக் குழுவினர்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். ஒன்று, மண்டபத்தையும் இவ்விதழையும் எத்தரகர்க்கும், விலைக்குறிப்பு விற்போர்க்கும் விளம்பரத்திற்குத் தாராதிருத்தல். இரண்டு, நம்முள் வங்கிப்பணியிலும் கணக்காய்விலும் பழகிய அன்பர் இருவர், மாதம் ஒரு ஞாயிறு இங்கு அமர்ந்து, எவரேனும் கொண்டுவரும் கணக்குத் தாள்களையும் ஒப்பந்தச் சீட்டுகளையும் கூலியின்றிப் படித்துத் தமிழில் விளக்குதல். மூன்று, இழந்தவர் எவரும் நாணி ஒளியாமல், வட்டிக்கடைக்குச் செல்லுமுன் சங்கத்தின் மூத்தாரிடம் வந்து சொல்லுதல்; அவரை இகழாமல் வழிகாட்டுதல் நம் கடமை. மறைத்த இழப்பே இரண்டாவது இழப்பைப் பெறுகின்றது.

இளைஞர்காள்! தரகர் எவர் என்று நீவிர் கேட்டீர். பெயர் ஒன்றும் யான் சொல்லவில்லை என்று குறைகூறாதீர். பெயர்கள் மாறும், நிறுவனங்கள் தோன்றி மறையும், யான் தந்த ஐந்து வினாக்கள் மாறா. அவற்றை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். விடைகளை வீட்டிற் கொண்டுவந்து, தாய்தந்தையர்க்கோ மனைவிக்கோ விளங்கும்படி எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அவர்க்கு விளங்கச் சொல்ல இயலாத உடன்படிக்கை உமக்கும் விளங்கவில்லை என்று அறிக. விளங்கும்வரை அதில் ஒப்பமிடாதீர்.

நம் குடும்பங்கள் உழைப்பின் பயனை இழவாது வாழ ஒற்றியூர் இறைவன் அருள்க என வேண்டி அமர்கின்றேன்.